தீர்த்தகிரியின் பலவீன இருதயம்

"அந்தக் கோழியைப் புடிச்சு மூடு, பாஞ்சாலி! அது கத்துற கத்துல என் இருதயமே நின்னுடும்."

பாஞ்சாலி கோழியின் பின்னால் ஓடினாள். தீர்த்தகிரி கயிற்றுக் கட்டிலில் கிடந்தபடி தம் நாடியைத் தாமே பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

பாப்பாரப்பட்டியில் கொஞ்சம் ராகி நிலமும் ஒரு கிணறுமாக நன்றாக இருந்த மனிதர்தான். யுத்தம் தொடங்கிய வருஷம், நெஞ்சு கரிக்கிறது என்று மனைவியோடு வண்டி கட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் புதிதாக வந்திருந்த டாக்டரிடம் போனார். டாக்டர் குழாயை வைத்து அவரைப் பார்த்தார். பேச்சோடு பேச்சாகப் பாஞ்சாலிக்கும் வைத்துப் பார்த்தார். அதற்குள் வெளியே மாடுகள் மிரள, தீர்த்தகிரி எழுந்து ஓடிவிட்டார். டாக்டர் சொன்னதைப் பாஞ்சாலிதான் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"இருதயம் பலவீனமா இருக்குதாம். பாரம் தூக்கக் கூடாதாம். உப்பைக் கொறைக்கணுமாம்..."

அவள் மேலே பேசுவதற்குள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"நெனச்சேன்! நான் நெனச்சேன்!"

அன்றோடு அவர் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைப்பதை விட்டார். பாஞ்சாலி மாடு ஓட்டித் தண்ணீர் இறைத்தாள். படுத்தே கிடந்ததில் அவருக்கு உடம்பு பருத்தது. "பாத்தியா, வீக்கம்!" என்று பயந்து கிணற்றடிக்குப் போவதையும் நிறுத்தினார்; அவர் குளிக்க அவள் தண்ணீர் சுமந்தாள். உப்பில்லாத களி தொண்டையில் இறங்கவில்லை என்று நெய்யை ஊற்றச் சொன்னார். நெய்யால் வயிறு பொருமி, நெஞ்சு முன்னைவிடக் கரித்தது. நோவு முற்றிவிட்டதென்று முடிவு கட்டி, புரண்டு படுப்பதற்கும் அவளைக் கூப்பிட்டார்.

ஒருநாள் அவள் கட்டிலருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நல்ல சேதியா?"

"இல்லீங்க."

"அப்ப வேணாம். கெட்ட சேதியெல்லாம் என்னால தாங்க முடியாது."

பாஞ்சாலி போய் அவருக்கு வெந்நீர் வைத்தாள்.

மாசி மாதம், சந்தை நாள். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வாசலில் அப்படியே சரிந்தாள்.

"பாஞ்சாலி!"

தீர்த்தகிரி கட்டிலிலிருந்து குதித்தார். மாடு பூட்டப் பொறுமையில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக் கூட்டத்தைப் பிளந்து ஓடினார். அவள் கனக்கவே இல்லை. எப்போது இவ்வளவு இளைத்தாள் என்று யோசித்தார், அவருக்குத் தெரியவில்லை. அவளை நேராகப் பார்த்தே வெகுகாலமாகியிருந்தது.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். ஊசி மருந்தை எடுக்க உள்ளே போனார்.

தீர்த்தகிரி கம்பவுண்டர் ராஜப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தப்புப் பண்ணிட்டனுங்க. அவளைப் படாதபாடு படுத்திட்டேன். என் நோவு அவளுக்கும் தொத்திக்கிச்சுங்களா?"

ராஜப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு அன்னைக்கே வெறும் வாயுன்னுதானுங்க டாக்டரு சொன்னாரு. இருதய நோவு அம்மாவுக்குத்தான். 'நானே அவருகிட்டச் சொல்லிக்கிறேன்'னு சொல்லிட்டுப் போனாங்களே, சொல்லலீங்களா?"