படகுத்துறை திறப்பு விழாவில் நான் பேசியது

தண்ணீரைக் கண்டால் எனக்குப் பயம் என்பதை முப்பது வயது வரை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் மாலை ஊருக்கே சொல்லிவிட்டேன், ஒலிபெருக்கியில்.

பதுளைக்குப் பக்கத்திலுள்ள எங்கள் டவுனில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பழைய கடைகளை இடித்து, குளத்தைத் தூர்வாரி, படகுத்துறையும் தண்ணீரோரமாக ஒரு திறந்த மேடையும் கட்டினார்கள். திறப்பு விழாவுக்குத் தமிழ் அறிவிப்பாளன் நான். துறையில் மிதிபடகு ஏறி, வரவேற்புரை பேசிக்கொண்டே மேடையில் போய் இறங்க வேண்டும். மறுத்திருக்கலாம். ஆனால் எனக்கு நிச்சயித்திருந்த பவானி, மடுல்சீமையிலிருந்து குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். (மாப்பிள்ளை மிடுக்கு என்று ஒன்று இருக்கிறதே!)

படகோட்டி நாஸர் நானா. (எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்.) இடித்த கடைகளில் ஒன்று அவருடையது, பதிலுக்கு இந்த வேலை கிடைத்திருந்தது. சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு, "அன்பார்ந்த பெருமக்களே" என்று தொடங்கினேன். நடுக்குளத்தில் 'டக்' என்றது.

"செயின் கழண்டுட்டுது தம்பி. அசையாம இருங்க."

நானா குனிந்ததும் படகு ஒருபக்கம் சாய்ந்தது. காற்று எங்களை, குளத்தின் மிகைநீர் வெளியேறும் வான்கதவுப் பக்கம் தள்ளத் தொடங்கியது. அங்கே தண்ணீர் விழும் இரைச்சல் வரவரக் கூடியது. நான் நானாவின் கழுத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டேன்.

"உடுங்க தம்பி, மூச்சு முட்டுது!"

"விட மாட்டேன் நானா! எனக்கு நீச்சல் தெரியாது! கல்யாணமே வேணாம், கரையில விட்டாப் போதும்!"

கரையிலிருந்து எவனோ அதையே திருப்பிக் கத்தினான். யாரடா என்று பார்த்தால், என் குரல்.

கூட்டம் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வான்கதவுக்கு இன்னும் இருபது அடிதான். அப்போது மேடை மைக்கில் ஒரு பெண் குரல்.

"என்னங்க, நான் பவானி பேசுறேன். கல்யாணத்தப் பத்தி அப்புறம் பேசலாம். மொதல்ல நானா கழுத்த விடுங்க. அவரு கைக்கு வேல இருக்கு."

குரலில் துளி நடுக்கம் இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். நானா இருமிக்கொண்டே குனிந்து செயினை மாட்டினார்.

"மிதிங்க தம்பி!"

மிதித்தேன். ஒருவழியாக மேடையில் போய் இறங்கினேன். பவானியின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரவேற்புரை நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை."

மாப்பிள்ளை என்ற சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

கல்யாணம் நடந்தது. இன்று எங்கள் வீட்டில் யார் பதறினாலும், பால் பொங்கி வழிந்தாலும், பஸ்ஸைத் தவறவிட்டாலும், "மொதல்ல நானா கழுத்த விடுங்க" என்பார்கள். போன வாரம் பள்ளியில் மகளை ஐந்து பழமொழிகள் எழுதச் சொன்னார்களாம். அவள் எழுதியதில் நான்காவது அதுதான்.

டீச்சர் சரி போட்டிருக்கிறார்.