புல்லில் ஓடிய பரிசல்

"கையில என்னங்க கட்டு?" என்று கேட்டாள் ராக்காயி.

"சுளுக்கு" என்றார் வேலப்பன்.

"நேத்து சாயங்காலம் ஒத்தக் கையால பூண்டு மூட்டையத் தூக்கிப் போட்டீங்க. அப்ப இல்லாத சுளுக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

"சுளுக்கு உங்கிட்டச் சொல்லிட்டா வரும்? போயி அடுப்பப் பாரு. அவுக கொடைக்கானலத் தாண்டிட்டாகளாம்."

ராக்காயிக்கு இந்த மனிதரோடு இருபத்தெட்டு வருட அனுபவம். பழைய சேலைக் கிழிசலைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார் என்றால் உள்ளே ஏதோ ஒரு பொய் நெளிகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அடுப்பில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. பொய் எங்கேயும் போய்விடாது, கோழி அடிப்பிடித்துவிடும் என்று உள்ளே போய்விட்டாள்.

வேலப்பன் பூண்டி கிராமத்தில் ஒன்றரை ஏக்கரில் வெள்ளைப்பூண்டு போடுகிறவர். வம்பு தும்புக்குப் போகாதவர். அவருடைய ஒரே மகள் நதியா மதுரையில் நர்ஸ். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற முகேஷுக்கும் அவளுக்கும் ஒருவரை ஒருவர் பிடித்துப்போயிற்று. இரண்டு வீட்டிலும் யாரும் பெரிதாக முறுக்கிக்கொள்ளவில்லை. "பொண்ணு வீட்டை ஒரு எட்டு பாத்துட்டு வந்து சொல்றோம்" என்றுதான் பையன் வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு எட்டு இன்றைக்கு.

இதில் பரிசல் எப்படி வந்தது என்றால், வேலப்பனின் வாய் வழியாக வந்தது.

முகேஷின் அப்பா சேனாதிபதி ராமநாதபுரத்துக் கடற்கரையில் மூன்று விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர். முதல் தடவை போனில் பேசியபோது, அவர் மூன்று படகு என்று சொன்னதைக் கேட்டு வேலப்பனுக்குத் தன் ஒன்றரை ஏக்கர் திடீரென்று ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிற இடத்தில் இப்படிச் சின்ன ஆளாக நிற்பதா என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் வாய் முந்திக்கொண்டது.

"நானும் படகு ஓட்டுவேங்க. இங்க ஏரி இருக்கு. பரிசல்."

எதிர்முனையில் குரல் சட்டென்று நெருங்கி வந்தது. "நீங்களே ஓட்டுவீங்களா? உங்க கையாலயா?" என்று கேட்டது.

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டுவேங்க!"

அன்றோடு தொலைந்தது. அதற்குப் பிறகு சேனாதிபதி போன் பண்ணும்போதெல்லாம் நகையைப் பற்றிக் கேட்கவில்லை, வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. பரிசலைப் பற்றித்தான் கேட்டார். துடுப்பு எவ்வளவு நீளம், உட்கார்ந்து போடுவதா முட்டி போட்டுப் போடுவதா, காற்றடித்தால் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "வந்ததும் முதல் சோலி ஏரிதான். நீங்க ஓட்டுறத நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

கடல்காரர் பரீட்சை வைக்கிறார் என்று வேலப்பனுக்குப் புரிந்துபோயிற்று. இதில் தேறினால்தான் சம்பந்தம். தோற்றால், 'அப்பனே இப்படிப் புளுகுறான், பொண்ணு எப்படியிருக்குமோ' என்று திரும்பிப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளை முகேஷின் பெயரைச் சொல்லும்போதே மகளின் முகம் மலர்வதை வேலப்பன் பார்த்திருக்கிறார். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

முந்தாநாள் மைத்துனன் பொன்னுவேலிடம் போய் நின்றார். மன்னவனூர்ப் பக்கம் ஒரு ஏரியில் பொன்னுவேல் பரிசல் வைத்திருந்தான்.

"ஏலே பொன்னுவேலு, வெரசா எனக்குப் பரிசல் ஓட்டச் சொல்லிக் குடு."

"மாமா, நீங்க முழங்கால் தண்ணியக் கண்டாலே வேட்டியத் தூக்கிக்கிட்டுச் சுத்தி வர்ற ஆளாச்சே?"

"அதனாலதான் கரையில வச்சுச் சொல்லிக் குடுன்றேன்."

பரிசல் கரையில் புல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. வேலப்பன் அதில் ஏறி உட்கார்ந்தார். "ரொம்ப லேசு மாமா. பாத்திக்கு மம்பட்டி போடுவீங்கல்ல, அதே மாதிரி முன்னால போட்டு உங்கள நோக்கி இழுங்க" என்றான் பொன்னுவேல். மண்வெட்டி என்றால் வேலப்பனுக்குக் கேட்க வேண்டுமா! ஒரு மணி நேரம் புல்லை வாரு வாரென்று வாரினார். பரிசல் அசையாமல் ஒழுக்கமாக இருந்தது. மூன்று ஆடுகள் வந்து வேடிக்கை பார்த்தன.

"பிரமாதம் மாமா. இதே மாதிரிதான், ஆனா தண்ணியில" என்றான் பொன்னுவேல்.

அந்த 'ஆனா'வில்தான் வேலப்பனுக்கு இரண்டு நாளாகத் தூக்கம் போயிற்று. அதன் விளைவுதான் காலையில் வந்த சுளுக்கு.

பதினோரு மணிக்குக் கார் வந்தது. மலைப்பாதையின் வளைவுகளில் வயிற்றைப் பறிகொடுத்த சேனாதிபதியின் மனைவி விஜயராணி, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தோடு இறங்கினார். பின்னால் டிரைவர் ராமர் பழத் தட்டுகளைத் தூக்கி வந்தான். முகேஷுக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை. சேனாதிபதி ஆறடி உயரம், முறுக்கு மீசை. வீட்டுக்குள் வந்தார், பரணில் தொங்கிய பூண்டுக் கட்டுகளைப் பார்த்தார், கோழிக் குழம்பு வாசனையை இழுத்தார்.

"ஏரிக்குக் கெளம்பலாமா?" என்றார்.

"பனியா இருக்கேங்க" என்றார் வேலப்பன்.

"வெயில் வரட்டும். உக்காந்திருப்போம்."

அன்றைக்கென்று பார்த்துப் பத்து நிமிஷத்தில் பளீரென்று வெயில் அடித்தது. மேல்மலையில் வெயிலை நம்பி ஒரு கேரட்டைக்கூடக் காய வைக்க முடியாது. அப்படிப்பட்ட வெயில்!

"அது வந்துங்க, கையி…" என்று வேலப்பன் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

சேனாதிபதியின் முகம் தொங்கிப்போயிற்று. லீவில் வந்திருந்த நதியா கட்டைப் பார்த்துப் பதறிவிட்டாள். "அப்பா, எங்கிட்ட ஏன் சொல்லல? குடுங்க பாப்போம்" என்று கட்டை அவிழ்த்தாள். மணிக்கட்டை அழுத்தினாள், திருப்பினாள், விரல்களை மடக்கி நீட்டினாள். சர்க்கார் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"வீக்கம் இல்ல, ஒண்ணுமில்ல. ரெண்டு படகே ஓட்டலாம் மாமா" என்று சேனாதிபதியைப் பார்த்துச் சிரித்தாள்.

"தவிர," என்றாள் ராக்காயி உள்ளேயிருந்து, "காலையில சோத்துக்கையில இருந்த கட்டு இப்ப பீச்சாங்கைக்கு வந்திருக்கு."

வேலப்பன் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எதிரிக்கும் இரக்கம் வந்திருக்கும்.

ஆனாலும் அவருக்குக் கடைசியாக ஒரு வழி இருந்தது. பொன்னுவேலையும் பரிசலில் ஏற்றிக்கொள்வது. சேனாதிபதியை முன்னால் பார்த்தபடி உட்கார வைத்துவிட்டு, பின்னால் பொன்னுவேல் சத்தமில்லாமல் துடுப்பைப் போடுவது. 'நீங்க சும்மா கையக் கால ஆட்டுனாப் போதும் மாமா' என்று அவனும் சொல்லியிருந்தான்.

ஏரிக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். பொன்னுவேல் மிதவைச் சட்டைகளை எடுத்துக் கொடுத்தான். சேனாதிபதி ஒன்றைப் போட்டுக்கொண்டார். கொஞ்சம் யோசித்து, அதற்கு மேல் இன்னொன்றையும் போட்டுக்கொண்டார்.

'நம்ம மேல அம்புட்டு நம்பிக்கை' என்று வேலப்பன் மனம் நொந்துகொண்டார்.

பொன்னுவேல் ஏறப் போனான். சேனாதிபதி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"மூணாவது ஆளு வேணாம் தம்பி. நாங்க ரெண்டு பேரு மட்டும் போறோம். அவருகூடத் தனியாப் பேச வேண்டியது இருக்கு."

வேலப்பன் பொன்னுவேலைப் பார்த்தார்; அவன் ஏரியைப் பார்த்தான். கரையில் மகள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பரிசலில் காலை வைத்தார். பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிட்டான்.

"கவுந்ததுண்டா?" என்று கேட்டார் சேனாதிபதி.

"இதுவரைக்கும் இல்லீங்க." அது சத்தியமான உண்மை.

"ஆழம் எவ்வளவு இருக்கும்?"

"நான் எறங்கிப் பாத்ததில்லீங்க." அதுவும் உண்மை.

"கவுந்தா எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

கேள்வி மேல் கேள்வி. கேட்கிறவரின் கண் வேலப்பனின் கையை விட்டு நகரவில்லை. வேலப்பன் முருகா என்று சொல்லி மண்வெட்டி போட்டார். முன்னால் போட்டு இழுத்தார். புல்லில் பொறுமையாக இருந்த பரிசல் தண்ணீரில் வேறு குணம் காட்டியது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வேகமாக ஒரு சுற்று.

"ஏன் சுத்துது?" என்றார் சேனாதிபதி.

"எங்க ஊருல முதல்ல நாலு திசைக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தாங்க கெளம்புறது."

சேனாதிபதி இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டார். கிழக்கு வந்தது, கும்பிட்டார். தெற்கு வந்தது, கும்பிட்டார். மேற்கும் வடக்கும் வந்துபோன பிறகு மறுபடியும் கிழக்கு வந்தது. அதற்கும் குறை வைக்கவில்லை. ஏழாவது முறை கிழக்கு வந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார், மீசை நடுங்கிக்கொண்டிருந்தது. கோபத்தில் நடுங்குகிறது என்று வேலப்பன் நினைத்தார்.

பரிசல் சுற்றிக்கொண்டே போய் நாணலுக்குள் செருகி நின்றது. துடுப்பு கை நழுவித் தண்ணீரில் போயிற்று. கரையிலிருந்து ராக்காயியின் குரல் கேட்டது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை, பாராட்டு இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

வேலப்பனால் அதற்கு மேல் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

"ஐயா, எனக்குப் பரிசலே ஓட்டத் தெரியாதுங்க. தண்ணின்னாலே பயம். மூணு படகுன்னு நீங்க சொன்னதும் என்னமோ வாயில வந்துருச்சு. முந்தாநாளு புல்லு மேல உக்காந்து பழகினேன். பொய் சொன்னது நாந்தான். எம் பொண்ணு பொய்யே பேசாது, அது அவ அம்மா மாதிரி. எம் மேல உள்ள கோவத்துல அந்தப் பிள்ளைகளப் பிரிச்சுராதீங்க. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

காலைப் பிடிக்கக் குனிந்தார். பரிசல் சாய்ந்து ஏரித் தண்ணீரை அள்ளி அவர் தலையில் வீசியது. "அசையாதய்யா!" என்று சேனாதிபதி போட்ட அலறலில் நாணலுக்குள்ளிருந்து நாலைந்து பறவைகள் கிளம்பிப் போயின.

பொன்னுவேல் இன்னொரு பரிசலில் வந்து கயிறு போட்டு இழுத்துப் போகிற வரைக்கும், "தெரியாதா?" என்று ஒரே ஒரு முறை மட்டும் சேனாதிபதி கேட்டார். சொத்தெல்லாம் போன மனிதரின் குரல் மாதிரி இருந்தது அது. கரை வந்ததும் இரண்டு மிதவைச் சட்டைகளோடும் நேராக நடந்து போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். விஜயராணி போய்க் கண்ணாடியைத் தட்டினார். அது இறங்கவில்லை.

வேலப்பன் ஈர வேட்டியோடு நின்றார். நதியா வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் திட்டியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. ராக்காயியும் திட்டவில்லை. முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

"நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன் தாயி" என்றார் வேலப்பன். "நீ படகுக்காரரு வீட்டுக்குப் போகணும்னு ஆசப்பட்ட. நான் அதக் கவுத்துப்புட்டேன்."

"அவரு என்ன சொன்னாருப்பா?"

"ஒண்ணும் சொல்லல. 'தெரியாதா'ன்னாரு. அப்புறம் கதவச் சாத்திக்கிட்டாரு. போ, கெளம்பச் சொல்லு. நம்ம மரியாதையா வழியனுப்பி வைப்போம்."

அப்போது காரிலிருந்து டிரைவர் ராமர் இறங்கி வந்தான். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, விஜயராணிக்குக் கேட்காத தூரத்துக்கு வேலப்பனைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் முகத்தில் சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"மொதலாளி என்ன சொல்லிவிட்டாரு? சம்பந்தம் வேணாம்னுட்டாரா?" என்றார் வேலப்பன்.

"சம்பந்தமா? கல்யாண மண்டபத்துக்குப் போன மாசமே முன்பணம் குடுத்தாச்சேண்ணே. அவரு கவலையே வேற. வீட்டம்மா பொறந்த வீட்டு வழக்கப்படி கல்யாணத்தன்னைக்கு மாமனார்தான் மருமகள வள்ளத்துல வச்சுத் துடுப்புப் போட்டுக் கடல்ல ஒரு சுத்து கூட்டிப் போகணும். இவரு மானாமதுரைப் பக்கம் மொளகாக் காட்டுல பொறந்தவரு, படகு மூணும் இவரு மாமனார் குடுத்தது. தண்ணிப் பயத்துல இருபத்தேழு வருசமா ஒண்ணுலயும் காலு வச்சதில்ல, அது வீட்டம்மாவுக்கே தெரியாது. ஊருல யார்கிட்ட கேட்டாலும் மானம் போயிரும்னு, உங்ககிட்ட கத்துக்கலாம்னுதாண்ணே இம்புட்டு மலை ஏறி வந்தாரு!"