வராத பஸ்ஸின் படம்

திங்கட்கிழமை பஸ் ஓடாதாம் என்ற கதை காதில் விழுந்ததும் மாங்குளம் குகதாசனுக்கு வந்த சந்தோசப் புளுகம் சொல்லி மாளாது. தினமும் பஸ்ஸிலே போய்வருகிற மனிசன் பஸ் நிற்கவேணும் என்று வேண்டுகிறாரே, விசரோ என்று கேட்பீர்கள். இல்லை. அவரிடம் லீவு இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீரூற்றில் ஒரு சின்னக் கந்தோரில் அவர் எழுதுவினைஞர். அங்கே விரல் வைக்கிற மெசின் வந்த நாளிலிருந்து அவருக்குச் சனி பிடித்தது. எட்டரைக்குக் கொண்டுபோய் இறக்கவேண்டிய பஸ் ஒன்பதேகாலுக்கு இறக்கும். பிந்தி வைத்த விரலுக்கெல்லாம் மெசின் அரைநாள் லீவை விழுங்கும். வைகாசி பிறக்கமுன்னரே வருசத்து லீவு முழுவதையும் விழுங்கிவிட்டது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலோ அந்தத் திங்கட்கிழமை. மகள் கஜனி சோதனை பாஸ் பண்ணினால் பாற்செம்பு எடுப்பதாக நேர்ந்திருந்தார். பிள்ளையும் அநியாயத்துக்கு நன்றாகப் பாஸ் பண்ணிவிட்டது.

"அம்மனோடை விளையாடாதேங்கோ, சொல்லிப்போட்டன்" என்றாள் மனைவி விமலேஸ்வரி.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலிடத்துச் சுற்றுநிருபம் வந்தது. போக்குவரத்தின்மையால் கடமைக்குச் சமுகமளிக்க இயலாத உத்தியோகத்தர்களுக்கு விசேட விடுமுறை வழங்கப்படும். சான்றாக, வராத பஸ்ஸைப் புகைப்படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் சமர்ப்பித்தல் வேண்டும்.

ஒருநாள்தன்னும் நேரத்துக்கு வராத பஸ்காரர் சொன்ன நாளில் வேலைநிறுத்தம் செய்வார்களோ என்பதுதான் குகதாசனுக்குப் பயம். சனிக்கிழமை பேச்சுவார்த்தை வெற்றி என்றார்கள், மனிசன் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முறிந்துவிட்டது என்றார்கள். இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டார்.

திங்கள் காலை ஆறரைக்கு, வெறும் றோட்டைப் படமெடுத்து அனுப்பினார். பொறுப்பதிகாரி பிரசாந்தனிடமிருந்து உடனே பதில் வந்தது: "மாடு மறைக்கிறது. வராத பஸ் தெளிவாகத் தெரியவில்லை. மீள அனுப்பவும்." மாட்டைக் கலைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது.

செம்பைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டபோதுதான் அவருக்கு உறைத்தது. கோயிலுக்குப் போறதும் அதே பஸ்ஸிலேதான்.

நல்லகாலம், சனத்தை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரக்டர் வந்தது. பாய்ந்து ஏறிப் பார்த்தால் பின்பெட்டிக்குள் கந்தோர் யதுர்ஷிகா. பக்கத்தில் பட்டுவேட்டியோடு பிரசாந்தன் சேர். மூலையில் காவடியோடு பஸ் ட்ரைவர் சுதாகரன். நாலு வருசமாகக் கேட்டும் பொங்கலுக்கு லீவு கிடைக்காத ஆள். ஒருவரை ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த மனிசர்.

தண்ணீரூற்றில், சரியாகக் கந்தோர் வாசலில், ட்ரக்டருக்குக் காற்றுப் போனது.

பூட்டிய கேற்றடியில் பத்துப் பேர் நின்றார்கள். முன்னால் நின்றவர் றாபியா, காணி விண்ணப்பத்தோடு விடியவே நடந்து வந்தவர். இன்றைக்குத்தான் கடைசி நாள்.

"சேர், வந்திட்டீங்களோ? ஒரு கையெழுத்துத்தான்."

பிரசாந்தன் கேற்றைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார்.

"போக்குவரத்து இல்லை அக்கா. நாங்கள் இன்னும் வரேல்லை."

குகதாசனும் ஓம் என்று தலையாட்டினார். சுற்றுநிருபத்தின்படி அதுதானே உண்மை.

றாபியா சண்டை பிடிக்கவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்ப ஒரு படம் எடுக்கிறன் சேர். நீங்கள் வரேல்லையெண்டதுக்கு நாளைக்குச் சான்று கேப்பீங்கள்."

படமென்றதும் பெட்டிக்குள் இருந்த எல்லோரும் பழக்கதோசத்தில் நிமிர்ந்து நின்றார்கள். சுதாகரன் தலைமயிரைக்கூடத் தடவிவிட்டார்.

"தம்பி, அந்தச் செம்பைக் கொஞ்சம் கீழை பதிச்சுப் பிடியுங்கோ. வராத சேரை மறைக்குது."

குகதாசன் பதித்துப் பிடித்தார்.