ராஜா காதில் அழுக்கு

கணக்கு வாத்தியார் அன்றைக்குப் பல் தேய்க்கும்போதே முடிவு பண்ணிவிட்டார். ஹாலில் இருக்கும் கண்ணாடி அலமாரி இனிமேல் அவருடைய நாணயங்களுக்குத்தான். பூகம்பமே வந்தாலும் பின்வாங்குவதில்லை. முடிவு பண்ணின கையோடு வாயைக் கொப்பளித்துவிட்டு, மனைவியிடம் அனுமதி கேட்கப் போனார்.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அதே அலமாரியை அவளும் ஆறு மாசமாகக் குறிவைத்திருந்தாள்.

"அலமாரியா? எனக்குத் துணி வைக்க இடமில்லாம கட்டில் மேல குவிச்சு வெச்சிருக்கேன். நேத்து நீங்க போர்த்திக்கிட்டுத் தூங்கினது போர்வை இல்ல. பேங்க் மேனேஜரம்மாவோட கவுனுக்கு வந்த துணி."

"என் நாணயமெல்லாம் பிஸ்கட் டப்பாவுல கிடக்கேம்மா. அதுல ஒரு வெள்ளிக்காசு, ராஜா தலை போட்டது, நூத்திப்பத்து வருஷமாகியும் புத்தம் புதுசு. அதைக் கண்ணாடிக்குள்ள வைக்க வேண்டாமா?"

"புத்தம் புதுசுன்னு யார் சொன்னா?"

"நான்தான்."

"உங்க பொருளுக்கு நீங்களே மார்க் போட்டுக்கறதா? ஸ்கூல்ல பசங்களை அப்படிப் போட்டுக்க விடுவீங்களா?"

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று வாத்தியார் ஏங்கிக்கொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அதுக்குன்னே தரம் பார்க்கிற கம்பெனி இருக்கு. விக்கறவன் புதுசும்பான், வாங்கறவன் தேஞ்சு போச்சும்பான். ரெண்டு பேருக்கும் சம்பந்தமே இல்லாத மூணாவது ஆள், பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து, எழுபதுக்கு இத்தனைன்னு மார்க் போடுவான். போட்டு, யாரும் கை வைக்க முடியாதபடி பிளாஸ்டிக் பெட்டியில வெச்சு சீல் பண்ணி அனுப்புவான். அறுபதுக்குக் குறையலேன்னா அது புழக்கத்துக்கே போகாத காசுன்னு அர்த்தம். அப்புறம் எவனும் மூச்சு விட முடியாது."

மனைவி மெஷினை நிறுத்தாமல் கேட்டாள். "சம்பந்தமே இல்லாத ஆளா?"

"துளி கூட."

"அப்ப நம்ம வழக்கையும் அவங்களே தீர்க்கட்டும். அறுபது வந்தா அலமாரி உங்களுக்கு. வரலேன்னா எனக்கு."

வாத்தியார் தனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்த ராஜாவை அவர் நாலாயிரம் தடவை பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார். அறுபத்து நாலுக்கு ஒன்று குறையாது. பாவம், அவளாக வந்து மாட்டிக்கொள்கிறாள். மனசு மாறிவிடப் போகிறாளே என்று அங்கேயே ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதி, மார்ஜின் போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். "ஜெயிக்கப் போற ராஜாவை நானும் ஒரு தடவை பார்த்துக்கறேனே."

வாத்தியார் பெருந்தன்மையோடு காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கிக் காட்டினார்.

"மூக்கு நல்லா எடுப்பா இருக்கு," என்றாள் மனைவி. "காதுலதான் அழுக்கு."

"அது அழுக்கு இல்லம்மா. வெள்ளிக்கு வயசானா அப்படித்தான் நிறம் கூடும். தெரிஞ்சவங்களுக்கு அதுதான் அழகு."

"தெரிஞ்சவங்களுக்குச் சரி. மார்க் போடறவங்க எப்படியோ." அவள் ஊசியில் நூலைக் கோத்தாள். "நீங்களே விடை சரியா இருந்தாலும், பேப்பர்ல மை கொட்டியிருந்தா ரெண்டு மார்க் குறைப்பீங்க இல்ல?"

"மூணு," என்றார் வாத்தியார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

பழைய காசைத் தேய்க்கக் கூடாது. தேய்த்த காசு எவ்வளவு மின்னினாலும் கம்பெனிக்காரன் மார்க்கே போட மாட்டான். இது வாத்தியாருக்குத் தெரியாதா என்ன? கல்யாண வீடுகளில், பஸ் பயணங்களில், ஒரு தடவை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பல் டாக்டரிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் மார்க் போடுகிறவர்களின் புத்தியும் அவருக்குத் தெரியும். அவரே அந்த ஜாதிதானே. அங்கேயும் தன்னைப் போல ஒரு மகாபாவி உட்கார்ந்திருந்தால்? அறுபத்து நாலில் காதுக்கு மூணு போனால் அறுபத்தொண்ணு. புருவத்திலும் ஒரு நிழல் தெரிந்தது. அதற்கு மூணு போனால் ஐம்பத்தெட்டு. அலமாரி கோவிந்தா. கணக்கு இரண்டு நாள் சாப்பாட்டை இறங்க விடவில்லை.

மூன்றாம் நாள் பள்ளி விடுமுறை. மனைவி தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வரக் கிளம்பினாள். போகும்போது மேஜைமேல் சதுரமாக வெட்டி ஓரம் அடித்த ஒரு துணியை வைத்தாள்.

"இது எதுக்கு?"

"மீந்த துணி. பூ மாதிரி இருக்கு. உங்க மூக்குக்கண்ணாடி துடைக்க ஆகுமேன்னு வெச்சேன்."

கதவு சாத்திய சத்தம் கேட்டது. வாத்தியார் துணியைத் தொட்டுப் பார்த்தார். நிஜமாகவே பூ மாதிரிதான் இருந்தது. இவ்வளவு மெத்தென்ற துணி ராஜாவை என்ன பண்ணிவிடும்? காதை மட்டும் லேசாக ஒரு தடவை. ஒரு தீக்குச்சியில் துணியைச் சுற்றி, துளியூண்டு பற்பசை தொட்டுக் காதைக் குடைந்தார்.

காது பளிச்சென்று ஆகிவிட்டது. அதில்தான் வந்தது வினை. காது மட்டும் பளிச்சென்று இருக்க, ராஜாவின் கன்னம் மூணு நாளாக முகம் கழுவாதவன் கன்னம் மாதிரி தெரிந்தது. கன்னத்தைத் துடைத்தார். மோவாய் மங்கலாகிவிட்டது. மோவாயைத் துடைத்தார். கிரீடம் கேட்டது. முன்பக்கம் மட்டும் மின்னினால் சந்தேகம் வராதா? திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் தேய்த்தார். அரைமணி நேரத்தில் ராஜா சலூனிலிருந்து அப்போதுதான் எழுந்து வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். துணி கறுத்துப் போயிருந்தது. வாத்தியார் காசைப் பொட்டலம் கட்டி, ஓட்டமும் நடையுமாகப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார்.

மனைவி திரும்பி வந்து கறுத்த துணியைப் பார்த்தாள். "கண்ணாடி துடைச்சீங்களா?"

"ம்."

"சுத்தமாச்சா?"

"பளபளன்னு ஆயிடுச்சு."

அவள் உட்கார்ந்து மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பொட்டலம் வந்தது. அதற்குள் வாத்தியார் அலமாரியின் நீள அகலத்தை ஏழு தடவை அளந்துவிட்டார். ராஜா எந்தத் தட்டு, மற்ற காசெல்லாம் எந்தத் தட்டு என்று படம்கூடப் போட்டாகிவிட்டது. பொட்டலத்தைப் பிரித்தார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் ராஜா ஜம்மென்று படுத்திருந்தார். மேலே ஒரு சீட்டு. 'அசல் நாணயம். தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டது. மதிப்பெண் இல்லை.'

மூன்று தடவை படித்தார். பின்பக்கம் ஏதாவது கூடுதல் மார்க் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் சும்மா மின்னியது.

"எத்தனை?" என்று கேட்டாள் மனைவி.

"போடல."

"சைபரா?"

"சைபர்கூட இல்லம்மா. பரீட்சைக்கே உட்கார விடல."

மனைவி அனுதாபத்தோடு தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே எழுந்து போய், கட்டிலில் கிடந்த துணியை அள்ளி வந்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். வாத்தியாருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"எல்லாம் உன்னாலதான். நான் பாட்டுக்கு அப்படியே அனுப்பியிருப்பேன். நாணயத்தைப் பத்தி உனக்கு ஒரு இழவும் தெரியாது. காதுல அழுக்கு, மூக்குல அழுக்குன்னு சொல்லி என்னைக் கெடுத்தே."

"எனக்கா தெரியாது?" மனைவி மடிப்புக் கலையாமல் அடுக்கிக்கொண்டே சொன்னாள். "காசை ஓரத்துல பிடிச்சுத்தான் தூக்கணும். ஈரக்கையோட தொடக் கூடாது. வெள்ளியில கறுப்பா தெரியறது அழுக்கு இல்ல, வயசு. அதைத் தேய்ச்சா மார்க்கே கிடைக்காது. எல்லாம் கல்யாணமான முதல் வாரம் நீங்க நடத்தின பாடம்தானே?"

இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் தன் பாடத்தை ஒருத்தர் முழுசாகக் கேட்டிருக்கிறார் என்பது வாத்தியாருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.