யாரும் கேட்காததற்கு நான் சொன்ன பதில்

வலியசாலை,
திருவனந்தபுரம்,
14-9-1975

மகாராஜராஜஸ்ரீ அத்தான் பகவதிப்பெருமாள் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் கோலப்பன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. இவ்விடம் இப்போது நானும் என் வீட்டுக்காரி முத்தாரம்மாளும் பசுவும் மட்டும்தான். அதில் பசு க்ஷேமம்.

என் மகள் வடிவு ஏன் திடீரென்று பாலக்காட்டுக்கு மாறுதல் வாங்கிப் போனாள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மாடி அறையில் மூன்று வருஷமாகக் குடியிருந்த பொன்னம்மையும் கூடவே போய்விட்டாள். இருவருக்கும் ஒரே ஆபீஸ். ஒரே பஸ்ஸில் போவார்கள், கைகோத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். எதிர்வீட்டுப் பையன் ஒரு பெண்ணுடன் பழவங்காடியில் நின்று பேசினான் என்பதற்கே நாலு நாள் கொந்தளித்த தெரு இது. இவர்கள் இருவரையும் பார்த்து, “சிநேகிதம்னா இப்படியாக்கும் இருக்கணும்” என்று தன் பெண்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வடிவுக்குத் தலை பின்னியதும் பொன்னம்மை, கேசரி கிண்டியதும் பொன்னம்மை. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும்போது, “எனக்குக் கல்யாணம் வேண்டாம், நான் பொன்னம்மைகூட இருந்துக்கிடுவேன்” என்றாள் வடிவு. மாப்பிள்ளையின் தாயார் நல்ல மனுஷி, சிரித்துக்கொண்டே, “அதுக்கென்ன மக்களே, எனக்கு எளையவன் ஒருத்தன் இருக்கான். அவளையும் கூட்டிட்டு வா. ஓரகத்தியா ஒரே அடுக்களையில இருங்க” என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். ஒரே பந்தல், ஒரே மேளம் என்று மனசுக்குள் கணக்கே போட்டுவிட்டேன். வடிவு கையெடுத்துக் கும்பிட்டு, “அவளுக்கும் மாப்பிள்ளை வேண்டாம் அம்மா. அவளுக்கு நான், எனக்கு அவ. அது போதும்” என்றாள். கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

இத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஜாதகம் பொருந்தவில்லை என்று தெரு தானாகவே முடிவு கட்டியிருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் போதாத காலம், யாராவது தப்பாக நினைத்துவிடுவார்களோ என்று மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாளிடம், “வடிவும் பொன்னம்மையும் வெறும் சிநேகிதம்தான் கேட்டேளா, வேற ஒண்ணும் இல்லே” என்றேன். “வேற என்ன இருக்கும் அண்ணாச்சி?” என்றாள் அந்தப் புண்ணியவதி. ஒன்றை இல்லை என்று சொல்ல வேண்டுமானால் அது என்னவென்று முதலில் விளக்க வேண்டியிருக்கிறதே, அத்தான்! விளக்கினேன். அவளுக்கு விளங்க வைத்தபோதுதான் எனக்கே முழுசாக விளங்கியது. அப்படியும் விட்டேனா? சாயாக்கடை நாயரிடம் மலையாளத்தில் விளக்கினேன். “ஞான் அங்ஙனெ ஒன்னும் விசாரிச்சில்லல்லோ” என்று, அப்படியொரு நினைப்பே இல்லாத பாவம் மனுஷன் சாயாவை ஆற்ற மறந்து நின்றார். சாயங்காலத்துக்குள் ஆரியசாலை வரைக்கும் இரண்டு பாஷையிலும் தெரிந்துவிட்டது.

அப்புறம் கேட்பானேன். மந்திரிக்க ஆள் சொன்னார் ஒருவர். இது சீமையில் வருகிற வியாதி என்றார் ஒரு கம்பவுண்டர். தாலி ஏறினால் சரியாகிவிடும் என்றார்கள் தாலி ஏறியும் ஒன்றும் சரியாகாதவர்கள். சாயங்காலம் வடிவிடம் பாடம் படிக்க வந்துகொண்டிருந்த தெருப் பிள்ளைகளைத் தாய்மார்கள் நிறுத்திவிட்டார்கள். “யாரு சொன்னாப்பா?” என்று கேட்டாள் வடிவு. “ஊரு சொல்லுது” என்றேன். “ஊருக்கு யாரு சொன்னா?” என்றாள் முத்தாரம்மாள். நான் பசுவுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

பெட்டியோடு கிளம்பும்போது என் காலைத் தொட்டாள். நான் காலை இழுத்துக்கொண்டேன், அத்தான். கோபமில்லை, வெட்கம். அவளுக்கு அது தெரியுமா? “கூப்பிட்டா வருவேன்ப்பா. ஆனா ரெண்டு பேராத்தான் வருவோம்” என்று மட்டும் சொன்னாள்.

ஆகையால் தாங்கள் உடனே பாலக்காட்டுக்குப் போய், அப்பனுக்கு நெஞ்சுவலி என்று சொல்லி, வடிவைத் தனியாக அழைத்து வர வேண்டியது. கோட்டாற்றில் இரண்டாம் தாரத்துக்கு ஒருவர் இருக்கிறாராம், அதையும் பேசி முடிக்கவும். பொன்னம்மை இந்த வாசற்படி மிதிக்கக் கூடாது. இது கண்டிப்பு.

அக்காளுக்கு நமஸ்காரம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். சுசீந்திரத்து சுவாமி எல்லாரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோலப்பன்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்யாண்டாம். முத்தாரம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். “தனியாக் கொண்டுவந்து வச்சா, அவ அழுகிறதை யாரு பாக்கது? நீங்களா?” என்றாள். என்னால் ஆகாது அத்தான். எழுதிய இன்லாண்டு லெட்டரை வீணாக்க மனசில்லாமல்தான் அனுப்புகிறேன். மத்தியான வண்டியில் நானே போகிறேன், ரெண்டு பேரையும் கூப்பிட. வருவாளுகளோ மாட்டாளுகளோ, வாசலில் நிற்கவைத்தாலும் நிற்பேன். ஒரே ஒரு உபகாரம். கோலப்பன் எதுக்குப் பாலக்காட்டுக்குப் போனான் என்று யாராவது கேட்டால், தயவுசெய்து ஒன்றும் விளக்க வேண்டாம்.