கடிதத்துக்கு நாடி பார்த்தவர்

காலை ஏழு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிடும். ஆறு மணிக்கு வந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஐந்து மணிக்கே வந்தவர்கள் மெத்தப் படித்தவர்கள். வங்கி மேலாளர், பல் மருத்துவர், கணக்குப் பேராசிரியை என்று நாலெழுத்து கற்ற கூட்டம் முழுக்க அந்த மூன்று மாடிக் கட்டடத்தின் வாசலில் கால் மாற்றி நின்றது. எல்லார் கையிலும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அனுப்பிய அனுமதிக் கடிதங்கள். எந்தக் கடிதத்துக்கு உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வந்திருந்தார்கள்.

ஆமாம், கடிதத்துக்குத்தான்.

மேல் மாடி மண்டபத்தில் இருந்தார் துடிப்பு ஐயா. அவர் கடிதத்தைப் படிக்க மாட்டார். படித்துப் பார்த்து முடிவு செய்வதெல்லாம் பாமரர் வேலை. மூடிய உறையின்மேல் மூன்று விரல் வைப்பார். மறு கையால் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிப்பார். இரண்டு துடிப்பும் ஒத்துப்போனால் அது உயிருள்ள கடிதம், தாராளமாகப் போகலாம். ஒத்துப்போகாவிட்டால் செத்த கடிதம். செத்த கடிதத்தை நம்பிப் போனால் என்ன ஆகும் என்று ஐயா சொல்வதில்லை. ஒரு பெருமூச்சு விடுவார். அதன் பிறகு பெற்றவர்கள் அந்த உறையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உறையைத் திறக்காமலே உயிருள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுப்பார் என்பதுதான் ஊரையே வாய் பிளக்க வைத்த அற்புதம். அற்புதத்துக்கு இரண்டே விதிகள். கடிதத்தைக் கீழ்த்தள அச்சுக் கடையில்தான் புதிதாக அச்செடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் துடிப்பு கலங்கிவிடும். சீட்டில் இருக்கும் பெயரை நாற்பது நாள் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் துடிப்பு சிதறிவிடும். இடையில் முதல் மாடியில் வெளிநாட்டுப் படிப்பு ஆலோசனை அலுவலகம் ஒன்றும் இருந்தது. சீட்டோடு இறங்குகிறவர்கள் அப்படியே அதற்குள் நுழைந்துவிடுவது வசதியாக இருந்தது.

ஐயாவுக்குக் காது மந்தம். வலது காதில் ஒரு சின்ன மெஷின் மாட்டியிருப்பார். "மனுஷங்க பேசறது கேக்காது, காகிதம் பேசறது மட்டும் கேக்கும்" என்று பல் மருத்துவர் புல்லரித்துச் சொன்னார்.

புதன்கிழமை அந்த வரிசையில் பதினேழாம் டோக்கனோடு நின்றவர் ஒரு எலெக்ட்ரீஷியன். ஒரே மகள். நிலத்தடி நீரைப் பற்றி மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருந்தது. ஒன்று, குளிர் நாட்டில் சின்ன ஊர்; ஆனால் அவள் கேட்ட படிப்பு, நல்ல ஆய்வுக்கூடம், கட்டணச் சலுகை, அவளுடைய சந்தேகங்களுக்கு மூன்று முறை பொறுமையாகப் பதில் எழுதிய பேராசிரியர். இன்னொன்று, கடலோரப் பெருநகரம்; விளம்பரத் தாளில் நீச்சல் குளம் இருந்தது, ஆய்வுக்கூடம் இல்லை. மகள் இரண்டையும் பத்தி பிரித்து எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். சின்ன ஊர்க்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

அப்பாவுக்கு அந்தப் பட்டியல் புரியாமல் இல்லை. பயம்தான். தானே சரி என்று தலையாட்டி அனுப்பி, அங்கே அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? ஐயா சொல்லி அனுப்பினால் பழி ஐயாவுக்குப் போகும். மூன்று மாடிக் கூட்டத்துக்கும் அதுதான் காரணம்.

மகள் வர மறுத்ததால் அப்பாவின் மணிக்கட்டையே ஐயா பிடித்தார். முதல் உறைமேல் விரலை வைத்ததும் முகம் சுளித்தார். "குளிர்… மண்ணுக்கடியில தண்ணி தேடற படிப்பு. ஆனா துடிப்பே இல்லையே!" என்று முன்னால் இருந்த மைக்கில் பெருமூச்சு விட்டார். அடுத்த உறை பிழைத்துக்கொண்டது. சீட்டைப் பிரித்தால் கடலோரப் பல்கலைக்கழகம், எழுத்துப் பிழை இல்லாமல். எலெக்ட்ரீஷியனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மகளின் படிப்பைப் பற்றி அவர் அந்த மாடியில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லையே! கீழே அச்சுக் கடைக்காரர் கேட்டபோது விலாவாரியாகச் சொன்னது அவர் நினைவுக்கே வரவில்லை.

வீட்டில் அவருடைய மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் மருத்துவமனையில் நர்ஸ்.

"நான் தினமும் நாப்பது பேருக்கு நாடி பாக்கறேன். தாளுக்கு எந்த இடத்துல புடிச்சுப் பாக்கணும்?"

"உனக்கு மனுஷ நாடிதான் தெரியும்" என்றார் கணவர், பரிதாபத்தோடு.

மகள் அழவில்லை, கத்தவில்லை. வியாழக்கிழமை மாலை அவர் வேலைப் பையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு ஒயர்ல டெஸ்டர் வச்சீங்க, எரியல. உடனே கையால தொட்டுடுவீங்களா?"

"பைத்தியமா? டெஸ்டரே கெட்டுப்போயிருந்தா? முதல்ல கரண்டு இருக்குன்னு நிச்சயமாத் தெரிஞ்ச இடத்துல வச்சுப் பாக்கணும். எரியணும். இல்லேன்னு தெரிஞ்ச இடத்துல வச்சா எரியக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தாத்தான் அது டெஸ்டர். இல்லேன்னா வெறும் திருப்புளி."

"எத்தனை வருஷமா இப்படிச் செய்யறீங்க?"

"இருபத்தாறு வருஷமா. அதனாலதான் உயிரோட இருக்கேன்."

"சரி. ஐயாவை எந்த இடத்துல வச்சுப் பாத்தீங்க?"

எலெக்ட்ரீஷியன் டெஸ்டரைக் கையில் எடுத்துப் பார்த்தார். இருபத்தாறு வருடமாகப் பத்து ரூபாய் டெஸ்டரை நம்பாதவர், சோதித்தே பார்க்காத மூன்று விரலிடம் பெற்ற மகளின் வாழ்க்கையை நீட்டியிருந்தார். வெட்கம் காது வரை ஏறியது. டெஸ்டரைப் பைக்குள் வைத்துவிட்டு, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை, டோக்கன் இருபத்திரண்டு. பிள்ளையின் கையையே பிடித்து மறுபடி பார்த்துக்கொள்ள அனுமதி உண்டு, காணிக்கையும் மறுபடி உண்டு. அச்சுக் கடையில் இரண்டு கடிதங்களையும் புதிதாக எடுத்தார்கள். கடைக்காரர் இரண்டு உறைகளில் டோக்கன் எண்ணும் ஒன்று, இரண்டு என்றும் எழுதி, கடலோரத்தை ஒன்றிலும் சின்ன ஊரை இரண்டிலும் போட்டுக் கொடுத்தார். உறையை அவர் ஒட்டுவதில்லை. மேலே எல்லாரும் பார்க்க நம் கையாலேயே ஒட்ட வேண்டும். ஐயாவின் நேர்மைக்கு அதையே சாட்சியாகச் சொல்வார்கள்.

மாடிப்படி திருப்பத்தில் அப்பாவும் மகளும் ஒரு நிமிடம் நின்றார்கள். ஒன்றாம் உறையில் இருந்த கடலோரக் கடிதத்தை இரண்டாம் உறைக்கு மாற்றினார்கள். சின்ன ஊர்க் கடிதம் மகளின் பைக்குள் போனது. காலியான ஒன்றாம் உறைக்குள் அப்பா தன் வேலைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். மூன்று வருடமாக மூடிக் கிடக்கும் மாவு மில் ஒன்றுக்கு வந்த மின் இணைப்புத் துண்டிப்பு நோட்டீஸ் அது.

மேலே இரண்டு உறைகளையும் மகளே ஒட்டிக் கொடுத்தாள். ஐயா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். ஒன்றாம் உறைமேல் விரலை வைத்தார். கண் சொருகியது.

"ஆஹா! என்னா துடிப்பு! கடல் காத்து அடிக்குது. பெரிய பட்டணம். இந்தப் பொண்ணுக்காகவே காத்துக்கிட்டு இருக்கு!"

கூட்டம் கைதட்டியது. ஐயா இரண்டாம் உறையைத் தொட்டார். விரல் பின்வாங்கியது. "குளிர்ந்து கிடக்கு. பிணம்."

சீட்டு எழுதி மடித்துக் கொடுத்தார். மகள் அதைப் பிரித்து, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக் கடலோரப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். கூட்டம் பதறியது. நாற்பது நாள் விதி! அவள் ஒன்றாம் உறையைக் கிழித்து உள்ளே இருந்ததையும் படித்தாள்.

"உங்கள் மாவு மில்லின் மின் இணைப்பு நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். ஐயா, இதுக்கா காத்து அடிக்குது?"

அடுத்து இரண்டாம் உறை. பிணம் என்று ஐயா கைவிட்டதற்குள் சீட்டில் எழுதிய அதே கடலோரப் பல்கலைக்கழகம் சிரித்த முகமாக இருந்தது.

ஐயா சமாளித்தார். "பக்கத்து உறைத் துடிப்பு இதுல பாய்ஞ்சிருக்கு."

"அதானே பாத்தேன்!" என்றார் பல் மருத்துவர், நிம்மதியாக.

"பிணத்தோட துடிப்பு எப்படிங்க பாயும்?" என்று கேட்டாள் மகள்.

"என்னம்மா? கேக்கல. மெஷின் மக்கர் பண்ணுது" என்றார் ஐயா.

"குடுங்க ஐயா, பாத்துடறேன். நம்ம தொழிலே அதுதான்" என்றார் எலெக்ட்ரீஷியன். சொல்லி முடிக்கும் முன்பே மெஷின் அவர் கையில் இருந்தது. திருப்பிப் பார்த்தார். காது கேட்காதவர்கள் மாட்டுவது அல்ல. பைக்கில் போகிற பையன்கள் போன் பேச மாட்டுவது. சத்தத்தை முழுதாக ஏற்றி மைக்கின் வாயில் வைத்தார்.

"ஹலோ… ஐயா, அடுத்து இருபத்து மூணு" என்றது அச்சுக் கடைக்காரரின் குரல், மண்டபம் முழுக்க. "நீலச் சட்டை, மீசை, பயந்த சுபாவம். பையனுக்குக் கணக்குப் படிப்பு. முதல் கவர் நமக்குக் கமிஷன் தராதவன், அதைக் கொன்னுடுங்க. ரெண்டாவது நம்ம கடலோரம், வழக்கம்போல பொழைக்க வச்சிடுங்க."

மூன்றாம் வரிசையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு நாற்பது நாள் விதி நாற்பது நொடிகூடத் தாங்கவில்லை. "உங்களுக்கு எது?" "கடலோரம்." "எனக்கும் அதேதான்." "என் பொண்ணு டாக்டருக்குப் படிக்கப் போறா, அவளுக்கும் கடலோரமா!" மீன் ஆராய்ச்சி படிக்கிறவனுக்கும் நாடகம் படிக்கிறவளுக்கும் ஒரே இடத்தில் துடித்திருந்தது. முதல் மாடியில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது.

இளைய மகனின் கடிதங்களோடு வந்திருந்த மருந்துக்கடைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. "பெரியவனுக்குப் பெரிய இடத்துலேர்ந்து வந்துச்சு" என்றார், யாரையும் பார்க்காமல். "செத்த கடிதம்னு சொன்னாரு. பதிலே போட வேண்டாம்னு அவன் கையைப் புடிச்சுத் தடுத்துட்டேன். போன மாசம் தேதி முடிஞ்சு போச்சு. அவன் அழுதான். நான் அவனைத் திட்டினேன்."

சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐயாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக. அந்தப் பக்கம் வங்கி மேலாளர் போலீசுக்குப் போன் போட்டபடி நின்றிருந்தார்.

மகள் மாடிப்படியில் உட்கார்ந்து சின்ன ஊருக்குச் சம்மதம் அனுப்பினாள். மணி பதினொன்று இருபது. அப்பா அவள் போனில் அது போய்ச் சேர்ந்ததா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். "பயமாத்தான் இருக்கு" என்றார். "எனக்கும்தான்" என்றாள் அவள். பயத்தோடு சேர்ந்தே இருவருக்கும் மனசு லேசாக இருந்தது.

இறங்கும்போது கணக்குப் பேராசிரியை எலெக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, காப்பாத்துனீங்க. இவர் போலின்னு இப்பத்தான் தெரியுது. நிஜமாவே துடிப்பு பாக்கறவங்க வேற யாராவது இருக்காங்களா?"

"வருவாங்கம்மா. நாளைக்கே ஒருத்தன் வருவான். வந்தா, டோக்கன் வாங்கறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க."

பேராசிரியை ஆவலாகக் கைப்பையைத் திறந்து பேனாவும் தாளும் எடுத்தார். "சொல்லுங்க, எழுதிக்கறேன். என்ன கேள்வி?"

"அதையும் இன்னொருத்தர்தான் சொல்லணுமா?"