பக்கத்துக் கட்டில்காரருக்குப் போட்ட ஊசி

அடுத்தவன் வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு, வண்டியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவனுக்குப் போட்ட ஊசியைப் பார்த்து வயிறெரிந்தவன் நான் ஒருத்தன்தான். அதுவும் அந்த வயிற்றில் அப்போதுதான் ஆபரேஷன் முடிந்திருந்தது.

மதுக்கரையில் டெம்போ ஓட்டுகிறேன். போன வருஷம் திடீரென்று குடல்வால் வீங்கிப்போய், கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்தார்கள். அதிலிருந்து ஐந்தாம் நாள் பெருந்துறையில் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து. மூத்த தாய்மாமன் நான். குழந்தை என் மடியில்தான் உட்கார வேண்டும். பட்டு வேட்டி எடுத்து வைத்தாயிற்று.

ரெண்டே நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டரம்மா. வெட்டின இடத்திலேயே மரத்துப்போகிற மருந்து போட்டிருக்கிறதாம். கூடவே சாதாரண வலி மருந்து, இருமினால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்வது, மெல்ல நடப்பது. இது போதும், தாங்கவே முடியாவிட்டால் மட்டும் பெரிய ஊசி, அது தலையைச் சுற்றும், குடலையும் தூங்க வைத்துவிடும் என்றார்.

பக்கத்துக் கட்டிலுக்குத் தாராபுரத்து வெங்காய வியாபாரி வரும்வரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. அவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன். பத்துக்கு எவ்வளவு வலி என்று நர்ஸ் கேட்க, எட்டு என்றார். ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மனுஷன் முகத்தில் அப்படியொரு சிரிப்பு (என் கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை), அப்புறம் குறட்டை. என் மனைவி, பாவம் தூங்கட்டும் என்று எங்கள் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பினாள். அத்தோடு என் பொறுமை போயிற்று.

நர்ஸ் என்னிடம் வந்தார். "உங்களுக்கு எவ்வளவுங்கண்ணா?"

"பத்துங்க சிஸ்டர்."

அவர் என் கையிலிருந்த இட்லியைப் பார்த்தார். "காத்தால மூணுன்னீங்களே?"

"அது காத்தாலைங்க."

(மூன்றாம் கிளாஸோடு நின்றவன். வாழ்க்கையில் நானே எனக்குப் போட்டுக்கொண்ட பத்துக்குப் பத்து அது.)

இட்லியை மறைத்துவிட்டு, டாக்டரம்மா காதில் விழுகிற மாதிரி முனகினேன். ஊசி கிடைத்தது. சுகமோ சுகம். மறுபடி முனகினேன், மறுபடி கிடைத்தது. மூன்றாவதுக்கு அப்புறம் வார்டு ராட்டினமாகச் சுற்றியது. தண்ணீர் குடித்தால்கூட வாந்தி. டாக்டரம்மா சொன்னபடியே குடலும் தூங்கிவிட்டது. வயிறு டெம்போ டயர் மாதிரி உப்பியது.

மறுநாள் வியாபாரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் கட்டிலைக் கடந்தார். "எனக்கு மாத்திரையே போதும்னுட்டேனுங்க. நீங்க நடக்கலீங்களா?"

அந்த மனுஷனை முறைக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. உண்மையை டாக்டரம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஊசியை நிறுத்தி, நடக்க விட்டார். நான் டிஸ்சார்ஜ் ஆனது ஆறாம் நாள்.

காதுகுத்தில் என் பட்டு வேட்டியைக் கட்டி, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தவன் என் தம்பி. கச்சிதமாக வேறு இருந்தது அந்த வேட்டி. அண்ணன் இல்லாமல் ஆல்பமா என்று போட்டோக்காரர் மனசு கேட்காமல், முதல் பக்கத்து மூலையில் வட்டம் போட்டு, என் பழைய படத்தை வைத்துவிட்டார்.

போன மாசம் தங்கச்சி வீட்டில் நான் காபி குடித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டம்மா ஆல்பத்தைப் புரட்டினார். "ஏனுங்க அம்மணி, உங்க பெரியண்ணன் எப்படிங்க தவறுனாரு?"

தங்கச்சி சிரிக்கக்கூட இல்லை. "பொறாமையிலீங்க. ஆவி எதிர்க்க உக்காந்து காபி குடிக்குது பாருங்க."